மல்லாட்டையும் தரவுத்தளமும்

தமிழ் இலக்கியம் படித்தவர்கள் பார்வை நூல்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி, பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியம் ஆகியவற்றில் எதை எப்போது எடுக்க வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் தனியாகக் கற்பித்ததில்லை. பழக்கத்தில் வந்தது. தரவுத்தள மென்பொருளைக் கற்றுக்கொள்ள முழுமையான பார்வை நூல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆனபோது, அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்ற ஐயம் எழுந்தது. கைகொடுத்தது. எவ்வாறு என்பதை எழுதிவைக்கவே இக்கட்டுரை. மொழி சார்ந்த சேகரிப்புகளை வைத்துக்கொண்டு இதே இடத்தில் நின்று யோசிக்கும் நண்பர்கள் தமிழ்நாட்டில் பலர் இருக்கக்கூடும்.

நாங்கள் என்று இங்கே சொல்வது வானூர் வட்டாரத்தில் பணியாற்றும் தமிழாசிரியர் மூவரையும், எங்களோடு ஊர் ஊராக வந்த மாணவர் சிலரையும். சில ஆண்டுகளாக இவ்வட்டாரத்தின் பேச்சுவழக்குச் சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிச் சேர்த்துவருகிறோம். திருவக்கரையின் கல்மரங்களைப் பார்க்க வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் உண்டு. அதே ஊரைச் சுற்றியுள்ள கல்குவாரிகளில் வேலை செய்கிறவர்கள் கல்லுக்கும் கருவிக்கும் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்க யாரும் வருவதில்லை. உசுட்டேரிக் கரையில் மதகைப் பார்த்துக்கொள்கிறவர், கழுவெளி ஓரத்தில் வலை வீசுகிறவர், கிளியனூர்ப் பக்கம் கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிற பெண்கள் என்று பலரிடமும் கேட்டு எழுதிய சீட்டுகள் இன்று ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டன. காலணி அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிப்பட்ட வேலைக்கு எங்களுக்கு முன்னோடிகள் உண்டு. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல். கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி 2007இல். மூன்றும் பல்கலைக்கழகத் திட்டங்களாக அல்லாமல் படைப்பாளிகளின் தனிமுயற்சியாக எழுந்தவை. கி.ரா. தம் கடைசிக் காலத்தை எங்களுக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் கழித்தார்; 2021 மே மாதம் அங்கேயே மறைந்தார். கணினி இல்லாத காலத்தில் அவரால் செய்ய முடிந்ததை நாம் ஏன் கணினியில் செய்ய வேண்டும் என்று எங்களில் மூத்தவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அச்சு அகராதி ஒன்றே எங்கள் குறிக்கோள் என்றால் சீட்டுகளை அகரவரிசையில் அடுக்கி எழுதிவிட்டால் போதும்.

எங்கள் சீட்டில் சொல்லும் பொருளும் மட்டும் இல்லை. சொன்னவர் பெயர், வயது, ஊர், தொழில், எந்த வாக்கியத்தில் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் ஆகிய அனைத்தும் இருக்கின்றன. அகராதியாக அச்சேறும்போது இவற்றில் முக்கால் பங்கு உதிர்ந்துபோகும். உதிரும் பங்கில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள். சீட்டில் பெயர் உள்ள முதியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. எழுதிய மாணவர்களும் படிப்பு முடிந்து ஏப்ரலில் போய்விடுவார்கள். அவர்கள் கையெழுத்தை அவர்களாலேயே படிக்க முடியும் என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியாததன்று. ஆக, ஒரே பருவத்துக்குள் மென்பொருளைக் கற்று, அதே பருவத்துக்குள் சீட்டுகளை உள்ளிட வேண்டும். புத்தகத் தேர்வு அவசரமான காரியமாக மாறியது இதனால்தான்.

எக்செல் போதாதா என்று கேட்கலாம். ஓர் ஊரின் சீட்டுகளை மட்டும் அதில் இட்டுப் பார்த்தோம். வேர்க்கடலையை இங்கே மல்லாட்டை என்பார்கள், மணிலா என்பார்கள். இளையவர்கள் வேர்க்கடலை என்றே சொல்லிவிடுகிறார்கள். ஒரு பொருளுக்குப் பல சொல். மறுபுறம், கொல்லை என்பது தஞ்சைப் பக்கத்து வாசகருக்கு வீட்டின் பின்புறம். இங்கே அது புன்செய் நிலம், முந்திரிக் கொல்லை, சவுக்குக் கொல்லை. கவலை என்பது மனத்தில் இருப்பது. கிணற்றில் மாடு கட்டி இறைப்பதும் கவலைதான். முந்திரி கொல்லையில் காய்க்கிறது. பழைய கணக்கில் அது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. ஒரு சொல்லுக்குப் பல பொருள். இரண்டும் சேர்ந்து வரும்போது, ஒரே நீண்ட பட்டியலில் சொன்னவர் பெயரையும் ஊரையும் ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. ஊர் விவரத்தில் இன்னொரு சிக்கல். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிக்கப்படும்வரை வானூரும் திண்டிவனமும் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. மாவட்டப் பெயரை ஆறாயிரம் வரிகளில் எழுதிவைத்தால், எதிர்காலத்தில் எல்லை மாறும்போது ஆறாயிரம் வரிகளையும் திருத்த வேண்டும். ஒரு செய்தியை ஓர் இடத்தில் மட்டும் எழுது, மற்ற இடங்களிலிருந்து அதைச் சுட்டு என்பதே தரவுத்தளத்தின் அடிப்படை நெறி. 1970இல் எட்கர் காட் என்ற ஆங்கிலேயக் கணிதர், ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தபடி எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து இது வளர்ந்தது. அந்தக் கட்டுரை இதழில் பதினொரு பக்கம் மட்டுமே. அதை விளக்க எழுந்த உரைநூல்களோ ஆயிரம் பக்கங்களை எட்டுகின்றன. சூத்திரத்துக்கும் உரைக்கும் உள்ள இந்த விகிதம் தமிழ் படித்தவர்களுக்குப் பழகியதுதான்!

உரைநூல்களைத் தேடிப் புறப்பட்டோம். கணினித் துறை நண்பர்கள் சொன்ன பெயர்கள் மூன்று. முதலாவது சி. ஜே. டேட் எழுதியது, 1975இல் முதற்பதிப்பு வந்தது. இரண்டாவது எல்மாஸ்ரியும் நவாத்தேயும் சேர்ந்து எழுதியது, முதற்பதிப்பு 1989. மூன்றாவது சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரும் எழுதியது. இதன் ஏழாம் பதிப்பு 2019இல் வந்தது. இவர்களில் சுதர்சன் மும்பை ஐஐடி பேராசிரியர். மூன்றும் உலகமெங்கும் பாடநூல்களாக உள்ளவை. இவை தவிர, குறிப்பிட்ட ஒரு மென்பொருளை மட்டும் கற்பிக்கும் நூல்களும் உண்டு. ஆரக்கிள் பற்றி ஐவன் பேராஸ் எழுதிய நூல், பிசிஏ, எம்சிஏ படித்த ஒரு தலைமுறையின் கையில் இருந்தது. அதன் பழைய பிரதிகளைப் புதுச்சேரி ஞாயிறு சந்தையில், காந்தி வீதி நடைபாதையில் இன்னும் காணலாம். அதற்குப் பக்கத்திலேயே டிபேஸ், பாக்ஸ்பிரோ கற்றுத்தரும் தடித்த நூல்களும் கிடந்தன. நாங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் திண்டிவனத்தில் தெருவுக்குத் தெரு முளைத்த கணினிப் பயிற்சி மையங்களின் பலகைகளில் இருந்த பெயர்கள் அவை. பாக்ஸ்பிரோவின் கடைசிப் பதிப்பு 2004இல் வந்தது. 2015இல் அதற்கான ஆதரவும் நின்றுவிட்டது. ஆயிரம் பக்கம் இருந்தும் அந்த நூல்களுக்கு இன்று வேலை இல்லை. ஆனால் அதே காலத்து டேட் நூலின் பெரும்பகுதியை இன்றும் படிக்கலாம். கருத்தைச் சொல்லும் நூலும் கருவியைச் சொல்லும் நூலும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை என்பதை நடைபாதைக் கடைக்காரர் தம் விலையிலேயே காட்டிக்கொண்டிருந்தார்.

எந்த நூல் முழுமையானது என்ற கேள்விக்கு வருவோம். புத்தகத்தின் பின்னட்டை எல்லாமே முழுமை என்கிறது. பக்க எண்ணிக்கையும் துணை செய்யாது. அகராதி வாங்கும்போது நாம் என்ன செய்வோம்? முன்னுரையைப் படித்து முடிவெடுப்பதில்லை. நமக்குப் பொருள் தெரிந்த, கொஞ்சம் தொல்லை தரும் சொற்கள் நான்கைந்தை மனத்தில் வைத்துக்கொண்டு புரட்டிப் பார்க்கிறோம். அவற்றை அந்த அகராதி எப்படிக் கையாள்கிறது என்பதைக் கொண்டு மற்றதை ஊகிக்கிறோம். அதே முறையைக் கணினி நூல்களுக்கும் வைத்தோம். எங்கள் சீட்டுப் பெட்டியிலிருந்தே மூன்று கேள்விகளை எடுத்தோம். நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவு வழியாக நுழைந்து, கால் மணி நேரத்தில் விடைக்குப் போய்ச் சேர முடிகிறதா என்று பார்ப்பது எங்கள் ஏற்பாடு.

முதல் கேள்வி: ஒரு சொல்லுக்குப் பல பொருள், ஒரு பொருளுக்குப் பல சொல் என்றால் அட்டவணையை எப்படி அமைப்பது? தமிழ் மரபு இதைக் கணினிக்கு நெடுங்காலம் முன்பே எதிர்கொண்டிருக்கிறது. சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளில் தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் எனத் தொடங்கும் தொகுதிகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் திரட்டுகின்றன. பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருகிறது. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவுகள். ஒரே சொற்செல்வத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள். சொல்லைத் தெரிந்தவர் ஒரு வாசலில் வரலாம். பொருளைத் தெரிந்து சொல்லைத் தேடுகிறவர் இன்னொன்றில். எதுகை தேடும் புலவர் மற்றொன்றில். தரவுத்தளக்காரர்கள் இதைப் பல்லுக்குப் பல் உறவு என்று சொல்லி, இரண்டு அட்டவணைகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஓர் இணைப்பு அட்டவணையை வைக்கச் சொல்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு மூன்று ஆங்கிலப் பாடநூல்களும் நன்றாகவே விடை சொல்கின்றன. வேறுபாடு எடுத்துக்காட்டுகளில்தான். டேட் நூலில் உதிரிப்பாகங்களும் அவற்றை வழங்குகிறவர்களும். எல்மாஸ்ரி நூலில் ஒரு நிறுவனமும் அதன் ஊழியர்களும். சில்பர்ஷாட்ஸ் நூலின் முந்தைய பதிப்புகளில் வங்கி, ஆறாம் பதிப்பு முதல் பல்கலைக்கழகம். சொற்கள் எதிலும் இல்லை. ஆனாலும் பல்கலைக்கழகம் எங்கள் மாணவர்களுக்கு எட்டக்கூடிய உலகம். ஒரு மாணவர் பல பாடங்களை எடுக்கிறார், ஒரு பாடத்தைப் பல மாணவர்கள் எடுக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு உடனே புரிகிறது. அதன் இடத்தில் சொல்லையும் பொருளையும் வைத்துக் காட்டுவது எங்கள் வேலை. வகுப்பில் நிகண்டு நடத்திய கையோடு இதை நடத்தியபோது, கணினியையே அதிகம் தொடாத மாணவி ஒருவர், ‘‘அப்படியென்றால் சொன்னவருக்கும் தனி அட்டவணை வேண்டுமே ஐயா’’ என்றார். அந்த ஒரு வரியில் எங்கள் தரவுத்தளத்தின் வரைபடம் முடிந்துவிட்டது. இன்னார் இன்ன சொல்லை இன்ன பொருளில் இன்ன ஊரில் சொன்னார் என்பதே நடுவில் நிற்கும் இணைப்பு அட்டவணை. சொல், பொருள், ஆள், ஊர் ஆகிய நான்கும் அதைச் சுற்றி நிற்கின்றன.

இரண்டாவது கேள்வி: தமிழ் அகரவரிசை சரியாக வருமா? இதைக் கணினியறிந்த நண்பர்கள் சிலரே அற்பமாக எண்ணுவார்கள். யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி என்னும் பழைய குறியேற்றத்தின் வரிசையைப் பின்பற்றியது. அதனால் அதில் ந-வுக்கு அடுத்தே ன வந்துவிடுகிறது. ர-வுக்கு அடுத்து ற. வ-வுக்கு முன்னால் ள, ழ. அந்த எண் வரிசைப்படி மென்பொருள் அடுக்கினால், கவலைக்கு முன்பாகக் கனியும் கழனியும் வந்து நிற்கும். அகராதியில் முன்னே நிற்க வேண்டிய புள்ளி எழுத்து உயிர்மெய்களுக்குப் பின்னால் போய்விடும். நெடுங்கணக்கைப் பிழையாக ஒப்பிக்கும் அகராதியை எந்தத் தமிழாசிரியர் ஏற்பார்?

இதற்கு அந்த மூன்று பாடநூல்களிலும் எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. அது அவற்றின் வேலையும் அன்று. கருவியின் கையேடுதான் இதைச் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருளின் அதிகாரப்பூர்வக் கையேட்டைத் திறந்தோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்து, இன்று யாரும் விலையின்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளாக இருப்பது இது. கையேடும் விலையில்லாதது, அச்சிட்டால் 2500 பக்கங்களைத் தாண்டும். அதில் மொழிக்கேற்ப வரிசைப்படுத்துவது பற்றித் தனிப்பகுதி இருக்கிறது. 2017இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு மொழியின் வரிசை விதிகளையும் அறிந்த ஐசியூ என்ற நிரல்தொகுப்பை அது பயன்படுத்த இடம் தருகிறது. தமிழுக்குரிய வரிசையைக் குறிப்பிட்டுக் கேட்டால் கவலை, கழனி, கனி என்று முறையாக வருகிறது.

நூலின் பதிப்பாண்டைப் பார்ப்பது ஏன் அவசியம் என்பதும் இந்தக் கேள்வியில்தான் தெளிவாயிற்று. பலரும் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் மென்பொருளில் யுடிஎஃப்8 என்று பெயர் கொண்ட அமைப்பு, ஓர் எழுத்துக்கு மூன்று பைட் இடம்தான் தரும். நாம் அன்றாடம் எழுதும் தமிழுக்கு அது போதும். ஆனால் மாகாணி, அரைக்காணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019இல் வந்த யூனிகோடு பன்னிரண்டாம் பதிப்பில்தான் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. அவற்றுக்கு நான்கு பைட் வேண்டும். அதற்கான வேறோர் அமைப்பு மைஎஸ்கியூஎல்லில் 2010 முதல் உண்டு. 2018இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் அது இயல்பான தேர்வானது. அதற்கு முந்தைய நூலைப் பார்த்து, அதில் சொன்னபடியே அமைத்தால், பழைய நிலப் பத்திரத்தில் உள்ள ஒரு முந்திரிக் குறியை உள்ளிடும்போது மென்பொருள் பிழை என்று மறுக்கும். கட்டுப்பாடு தளர்ந்த அமைப்பாயின் அந்தக் குறியிலிருந்து மீதி வரியை வெட்டியே விடும். முந்திரிக் கொல்லை இருக்கும். முந்திரிப் பின்னம் மறைந்துபோகும். நல்ல நூலாக இருந்தாலும் பழைய பதிப்பு இந்த ஆபத்தைச் சொல்லாது.

மூன்றாவது கேள்வி எங்களுக்கு மிக வேண்டியது. சொன்னவர் பெயர் இல்லாத சீட்டுகளை என்ன செய்வது? சிலர் பெயர் சொல்ல விரும்பவில்லை. சிலரிடம் கேட்கும் முன்பே பேருந்து வந்துவிட்டது. சில பழமொழிகளுக்கு இன்னார் சொன்னது என்ற பேச்சே பொருந்தாது, ஊரே சொல்வது. தெரியவில்லை, சொல்லவில்லை, பொருந்தாது ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நிலைகள். தரவுத்தள மென்பொருள்கள் இவை அனைத்துக்கும் நல் என்ற ஒரே வெறுமையை வைத்திருக்கின்றன. அந்த வெறுமை சுழியமும் அன்று, வெற்றெழுத்தும் அன்று. அதை எதனோடு ஒப்பிட்டாலும், அதனோடே ஒப்பிட்டாலும், சரி என்றோ தவறு என்றோ விடை வராது. தெரியாது என்றே வரும்.

இந்த இடத்தில் டேட் நூல் எங்களை வியக்க வைத்தது. விடுபட்ட தகவல் என்ற பொருளுக்கு எட்டாம் பதிப்பில் தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். இந்த வெறுமை தரவுத்தளத்துக்குள் வரவே கூடாது, அது தருக்கத்தைக் குலைக்கிறது என்று பல பத்தாண்டுகளாக வாதிட்டவர் அவர். காட் அதை ஏற்றுக்கொண்டவர். இருவரும் நெருங்கிப் பணியாற்றியவர்கள். நன்னூல் உரைகாரர்களின் மறுப்பைப் படித்தவர்களுக்கு அந்த அதிகாரத்தின் சுவை தெரியும். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. அந்த விவாதத்தைப் படித்ததால் ஒரு முடிவுக்கு வர முடிந்தது. ஆள் அட்டவணையில் ‘‘பெயர் சொல்ல விரும்பாதவர்’’, ‘‘கேட்க இயலவில்லை’’, ‘‘ஊர் வழக்கு’’ என்று மூன்று நிலைகளைத் தனியே குறித்தோம். பெயர் சொல்ல விரும்பாத பெண்ணின் வயதும் ஊரும் தொழிலும் அதனால் காப்பாற்றப்பட்டன. வெறும் கட்டமாக விட்டிருந்தால் அவரும் பேருந்தில் ஏறிப்போனவரும் ஒன்றாகியிருப்பார்கள்.

மூன்று கேள்விகளுக்கும் ஒரே நூலில் விடை இல்லை என்பது இதற்குள் விளங்கியிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று பாக்கி இருந்தது. இவை அனைத்தும் ஆங்கிலத்தில் உள்ளவை. சீட்டு எழுதிய மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். நாங்கள் படித்துச் சொல்ல, அவர்கள் தட்டச்சு செய்வது என்று வைத்துக்கொண்டால் காரியம் விரைவாக முடியும். ஆனால் ஊர் ஊராகச் சென்று சொல்லைக் கேட்டு வந்தவர், தாமே கொண்டுவந்த சொல்லை உள்ளிடும் இடத்தில் வெறும் எழுத்தராகிவிடுவார். எங்களில் இளையவர் இதற்கு உடன்படவில்லை. நூலை அவர்களே திறந்து பார்க்க வேண்டும், அப்படி ஒரு நூல் இல்லையென்றால் வேலையையே தள்ளிவைக்கலாம் என்றார். ஏப்ரல் நெருங்குகிறது என்று மூத்தவர் கடிந்துகொண்டார். ஒரு வாரம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

நல்ல வேளையாக, தேடியது தமிழிலேயே இருந்தது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2019-20 கல்வியாண்டில் அறிமுகமான பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் தரவுத்தளக் கருத்துகளுக்கு ஒரு பாடமும், வினவல் மொழியான எஸ்கியூஎல்லுக்கு ஒரு பாடமும் உள்ளன. தமிழ்வழிப் பதிப்பும் உண்டு. அடுத்ததாக, து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’. 2012இல் தொடங்கிய கணியம் என்ற கட்டற்ற மென்பொருள் இதழின் சார்பில் மின்னூலாக வந்தது. யாரும் விலையின்றிப் பதிவிறக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கட்டளை ஆங்கிலத்தில் இருக்க, விளக்கம் பேச்சுக்கு நெருங்கிய தமிழில் ஓடுகிறது. மென்பொருளைக் கணினியில் நிறுவுவது, அட்டவணை உருவாக்குவது, தரவைச் சேர்ப்பது, வினவுவது என்று கைப்பிடித்து அழைத்துச் செல்லும் நூல். நாங்கள் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸ் என்றாலும், அடிப்படைக் கட்டளைகள் பெரும்பாலும் பொதுவானவை. வேறுபடும் இடங்களை மாணவர்களே ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள்.

இவ்விரண்டையும் முழுமையான பார்வை நூல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் முதல் கேள்விக்கு மேல் இவற்றைக் கொண்டு போக முடியாது. ஆனால் இவற்றைப் படித்த பிறகுதான் மாணவர்களுக்குப் பெரிய நூலிடம் கேட்கக் கேள்விகள் பிறந்தன. கேள்வி பிறந்தபின் ஆங்கிலம் அவ்வளவாக அச்சுறுத்தவில்லை. எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்று தெரிந்தவருக்கு ஆயிரம் பக்கமும் ஒரு பக்கம்தான்; சொல்லடைவு கொண்டு சேர்த்துவிடுகிறது. பேரகராதியைத் தொடுவதற்கு முன் நாமும் கையகராதியில்தானே பழகினோம்?

ஆகவே எங்கள் முடிவு இது. கருத்துக்கு ஒரு நூல்: சில்பர்ஷாட்ஸ் மூவர் எழுதியதை வாங்கினோம். டேட் நூலின் அந்த ஓர் அதிகாரத்துக்காக ஒரு பழைய பிரதியும் சேர்ந்தது. கருவிக்கு அதன் அதிகாரப்பூர்வக் கையேடு. அதை வாங்க வேண்டியதில்லை, நாம் நிறுவிய பதிப்பின் எண்ணுக்கு உரியதுதானா என்று பார்த்தால் போதும். மேசை மேல் எப்போதும் கிடப்பதற்குத் தமிழ் நூல்கள் இரண்டு. ஒரே தடித்த நூலில் எல்லாம் கிடைக்கும் என்று நம்பி வாங்கியிருந்தால், அது அலமாரியில் இருந்திருக்கும். சீட்டுகள் பெட்டியிலேயே இருந்திருக்கும். இதே தேவை உள்ள நண்பர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது ஒன்றுதான். புத்தகக் கடைக்குப் போகுமுன் உங்கள் சேகரிப்பிலேயே தொல்லை தரும் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். பாடல் சேகரிக்கிறவருக்கும் கல்வெட்டுப் படியெடுக்கிறவருக்கும் சிற்றிதழ் தொகுக்கிறவருக்கும் அந்த மூன்றும் வேறு வேறாக இருக்கும். எந்த நூல் உங்களுக்கு முழுமையானது என்பது அவற்றைக் கொண்டே தெரியவரும்.

சீட்டுகளில் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டன. மல்லாட்டை என்று தேடினால் மணிலாவும் வேர்க்கடலையும் கூடவே வருகின்றன. எந்த ஊரில் எத்தனை வயதுக்கு மேற்பட்டவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதும் வருகிறது. இவை நாங்கள் எதிர்பார்த்த பயன்கள். எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. இறுதியாண்டு மாணவர் ஒருவர், ஒரு குறிப்பிட்ட ஆள் எண்ணைக் கொடுத்து, அந்த ஆள் சொன்ன சொற்களை மட்டும் அகரவரிசையில் கேட்டார். நாற்பத்து மூன்று சொற்கள் வந்தன. நாற்றங்காலுக்கும் நடவுக்கும் உரியவை பாதி, நோய்க்கும் கைமருந்துக்கும் உரியவை மீதி. கடைசியாக ஒரு வசைச்சொல், அதற்கான வாக்கியத்தோடு. சென்ற ஐப்பசியில் இறந்துபோன அவருடைய ஆயா சொன்னவை அவை. எந்தப் பாடநூலின் பயிற்சியிலும் இப்படி ஒரு வினவல் இல்லை. அவர் அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனார். வசைச்சொல்லையும் சேர்த்துத்தான்.